ரோகிணி 11 பிக்சல் நகர்ந்த கதை: ஸ்பெக்ட்ரோகிராஃபுடன் இரண்டரை வருடம்

நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் படமெடுக்கும் கருவிதான் ஸ்பெக்ட்ரோகிராஃப். த்ரீடி பிரிண்டரில் அடித்த அதன் பிளாஸ்டிக் உடல், ஒளியைப் பிரிக்க மில்லிமீட்டருக்கு 2400 கோடு போட்ட கிரேட்டிங் தகடு, பழைய 8 இன்ச் தொலைநோக்கி. இதுதான் என் சரக்கு. சேலத்து மொட்டை மாடியில் தெருவிளக்கு விடாது. அதனால் மாதம் ஒருமுறை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காட்டில் மாமா வேலை பார்க்கும் எஸ்டேட்டில், காபி காயவைக்கும் களத்தில் கடை விரிப்பேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் கோள் தெரியாது. இந்த வகைப் பெரிய கருவிகளிலும் கோளைப் பார்த்துப் பிடிப்பதில்லை. கோள் சுற்றும்போது நட்சத்திரமும் லேசாக ஆடும். பிரிந்த ஒளியில், அதாவது நிறமாலையில், தெரியும் கோடுகள் நட்சத்திரம் நம்மை நெருங்கினால் நீலப்பக்கமும் விலகினால் சிவப்புப்பக்கமும் மாறி மாறி நகரும். 1995-இல் மேயரும் கெலோவும் பிரான்சில் எலோடி கருவியை வைத்து 51 பெகாசி பி என்ற கோளைக் கண்டது அப்படித்தான். அந்த ஆட்டம் நொடிக்கு 56 மீட்டர். என் கேமராவில் அது ஒரு பிக்சலில் நூறில் ஒரு பங்கு. எங்கே போய்த் தேடுவது?

ஆனால் மழைக்கு நடுவே கிடைத்த ஓர் அக்டோபர் இரவில் ரோகிணி நட்சத்திரத்தின் நிறமாலையை எடுத்தேன். பிப்ரவரி கடைசியில் திரும்ப எடுத்தபோது அதில் ஹைட்ரஜன் பதிக்கும் ஆல்பா கோடு 11 பிக்சல் சிவப்புப்பக்கம் போயிருந்தது. கணக்குப் போட்டால் நொடிக்கு 50 கிலோமீட்டர். ஓடியது பூமிதான்: அக்டோபரில் ரோகிணியை நோக்கி, பிப்ரவரியில் விலகி. மாமாவிடம் காட்டினேன். "ஏன் மாப்ள, இதுக்கா ராத்திரி பூரா முழிச்சிருந்த?" என்றார்.

பெரிய குறை, குளிர். ஒப்பிட்டுப் பார்க்க இரவு 9 மணிக்கு எடுத்த நியான் விளக்கின் கோடு விடியற்காலை 4 மணிக்கு 3 பிக்சல் தள்ளி நிற்கும். பிளாஸ்டிக் சுருங்கிச் சொல்லும் பொய், நொடிக்கு 14 கிலோமீட்டர்! தெர்மாகோல் பெட்டியால் மூடினேன், பாதியானது. சிலியில் ஹார்ப்ஸ் என்ற ஸ்பெக்ட்ரோகிராஃபை வெற்றிடத் தொட்டிக்குள் வைத்து, வெப்பநிலையை நூறில் ஒரு டிகிரிக்குள் காக்கிறார்கள் என்று முன்பு படித்தபோது சும்மா தலையாட்டியிருக்கிறேன். அது நொடிக்கு 1 மீட்டர்வரை அளக்கிறது என்றால் பாதிப் பெருமை அந்தத் தொட்டிக்கு. ராஜஸ்தான் மவுண்ட் அபுவின் பாரஸ் ஸ்பெக்ட்ரோகிராஃபும் வெற்றிடத்துக்குள்தான்; கெப்லர் விண்தொலைநோக்கி சுட்டிய ஒன்றை அது 2018-இல் எடைபோட்டு, பூமியைப்போல் சுமார் 27 மடங்குள்ள கோள் என்று உறுதிசெய்தது.

ஒளி நுழையும் மெல்லிய பிளவான ஸ்லிட்டில் தூசியோடு வந்ததும் ஒரு குறை. விற்றவர்களுக்கு மூன்று மெயில் போட்டேன், பதிலில்லை. அப்புறம் தூரிகையால் நானே துடைத்தேன்.

அடுத்து, கோள் சுற்றிவரும் டௌ பூட்டிஸ் நட்சத்திரம். ஆட்டம் நொடிக்குச் சுமார் 460 மீட்டர், 3.3 நாளுக்கு ஒரு சுற்று, அமெச்சூர்கள் பிடித்திருக்கிறார்கள். எனக்கு அது பத்தில் ஒரு பிக்சல். சித்திரைக்குள் அலுமினிய உடல் வேண்டும் என்று சேலத்தில் ஒரு லேத் பட்டறையில் சொல்லிவைத்திருக்கிறேன்.