சாரல் காலத்தில் ‘தி ரிங்’: டிவிடியா, புளூரேயா?

ஹிதியோ நகாட்டா 1998இல் எடுத்த ஜப்பானியப் பேய்ப்படத்தை கோர் வெர்பின்ஸ்கி 2002இல் அமெரிக்கச் சூழலுக்கு மாற்றி எடுத்த ‘தி ரிங்’, செங்கோட்டையில் உள்ள என் வீட்டில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று, புனலூர் அத்தான் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தபோது கொண்டுவந்த டிவிடி. மற்றொன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் நானே வாங்கிய, டிவிடிக்கு அடுத்து வந்த வட்டான புளூரே. ஒரே படத்துக்கு எதற்கு இரண்டாவது செலவு என்று வீட்டில் கேட்டதற்கான பதில்தான் இது.

படத் தெளிவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. அத்தான் தந்தது ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறைப்படி செய்த டிவிடி. அதில் படத்துக்கு 576 கிடைக்கோடுகள், புளூரேயில் 1080. படம் முழுவதும் கவிந்திருக்கும் பாசி நிறம் எதில் நன்றாக இருக்கும் என்பது வெளிப்படை. பலரும் கவனிக்காதது ஓட்ட நேரம். விநாடிக்கு 24 சட்டகங்களாக (பிரேம்) எடுத்த படம் பால் முறையில் 25 சட்டகங்களாக ஓடுவதால், 115 நிமிடப் படம் ஏறத்தாழ 110 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நிதானமாகப் பயத்தைக் கூட்டும் படத்துக்கு இந்த அவசரம் பொருந்தவில்லை. ஓடிடியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இன்று இருக்கும் படம் அடுத்த மாதம் அங்கே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் இறங்கத் தொடங்கினால், எங்கள் சுவர் அலமாரியில் உப்பு கூடக் கசிந்துவிடும். அப்படி ஒரு சாரலுக்குப் பிறகு டிவிடியை எடுத்துப் பார்த்தபோது, விரல்ரேகை பட்ட இடங்களிலெல்லாம் சிலந்தி நூல்போலப் பூசணம் படர்ந்திருந்தது. வேட்டி நுனியால் வட்டமாகத் துடைத்தேன், அதுதான் தவறு. தகவல் தடம் சுருளாகச் செல்வதால், வட்டமாக விழும் கீறல் தடத்தோடு நீளமாக ஒட்டி ஓடி, பிழைதிருத்த முறையால் ஈடுகட்ட முடியாத அளவுக்குத் தகவலைத் தின்றுவிடுகிறது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்திருக்க வேண்டும். விளைவு, கிணற்றிலிருந்து பேய்ப் பெண் ஏறிவரும் இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. “கரண்டு போயிட்டா?” என்று அத்தை கேட்டார். பேய் வந்ததை அவர் அறியவே இல்லை.

புளூரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர். அதைப் பார்த்தால் புளூரேதான் எளிதில் கெட வேண்டும். அந்த அச்சத்தினாலேயே அதன்மேல் கடினப் பூச்சு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். என் வட்டில் இரண்டு முறை பூசணம் பிடித்தது. இரண்டு முறையும் ஈரப் பருத்தித் துணியால் துடைத்ததில் ஒரு கீறல்கூட விழவில்லை. உறைக்குள் இருந்த காகிதம்தான் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கிறது என்பது என் ஊகம். அதை எடுத்துவிட்டு, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறேன்.

இருப்பினும் என் புளூரே கண்டது நான்கு சாரல்தான். டிவிடி பத்துக்கு மேல் கண்டது. ஆகவே இந்த ஒப்பீடு முழு நியாயமானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கருவியிலும் டிவிடிக்கே சாதகம்: லென்ஸ் மங்கினால் டிவிடி பிளேயரைத் தென்காசியில் சில நூறு ரூபாய்க்குச் சரிசெய்துவிடலாம், புளூரே பிளேயரைத் திறந்து பார்க்கவே தயங்குகிறார்கள். வளைகுடா உறவினரிடம் புளூரே வாங்கிவரச் சொல்பவர்கள் உறையின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். விற்கும் நாட்டுக்கேற்ப வட்டுகளுக்கு மண்டலக் குறியீடு உண்டு, வேறு மண்டலத்து வட்டைப் பிளேயர் ஏற்காமல் போகலாம். அந்நாடுகள் பி மண்டலம், இந்தியா சி. அத்தானின் டிவிடியும் 2ஆம் மண்டலத்தைச் சேர்ந்ததுதான், நம்முடையது 5. ஆனால் என் பழைய பிளேயர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.