கல்வெட்டுப் படங்களைக் கூர்மையாக்க எந்தக் கருவி? ராதெரபி, லைட்ரூம், அன்ஷார்ப் மாஸ்க், ஏஐ: ஓர் ஒப்பீட்டு அலசல்

கோயில் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் ரா கோப்பாக (கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) படமெடுப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். எவ்வளவு நல்ல லென்ஸில் எடுத்தாலும், கணினியில் திறந்த மாத்திரத்தில் படம் சற்று மங்கியே தெரியும். பல கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் ஒளியைச் சிறிது பரப்பிவிடும் ஒரு வடிகட்டி இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டும் பதிந்துகொள்ள, மற்ற இரண்டு நிறங்களும் அண்டைப் பிக்சல்களைக் கொண்டு கணித்து நிரப்பப்படுகின்றன. லென்ஸின் துளையைச் சிறிதாக்கும்போது ஒளியே வளைந்து பரவுகிறது. இவை எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் மங்கலை நீக்குவதற்காக நான் பல கருவிகளைப் பயன்படுத்தி, இப்போது ராதெரபி மென்பொருளில் நிலைத்திருக்கிறேன். ஆகவே கீழே வரும் ஒப்பீடு நடுநிலையானதன்று. ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவன், சாய்ந்ததற்கான காரணங்களைச் சொல்கிறேன் என்றே வாசகர்கள் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் அறிந்தவற்றை முதலில் சொல்லி முடித்துவிடலாம். ராதெரபியும் கிம்ப்பும் இலவசமாகக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். ஃபோட்டோஷாப்புக்கும் லைட்ரூமுக்கும் சந்தா கட்ட வேண்டும். ஏஐ கருவிகளில் பெரும்பாலானவை கட்டணத்துக்கு உரியவை. அவற்றுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் தேவை. ஃபோகஸ் முற்றிலும் தவறிப்போன படத்தை இவற்றில் எதுவும் முழுமையாக மீட்டுத் தராது.

பழைய வழியான அன்ஷார்ப் மாஸ்க்கிலிருந்து தொடங்குவதே முறை. இது கணினிக்கு முன்பே இருட்டறையில் பிறந்த உத்தி. நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலான ஒரு பாசிட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அச்சிடுவார்கள். கணினியிலும் கணக்கு அதுவேதான்: படத்தின் மங்கலான நகல் ஒன்றை உருவாக்கி, மூலத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெருக்கி, மூலத்தோடு கூட்டுகிறது. அதாவது அன்ஷார்ப் மாஸ்க் மங்கலை நீக்குவதில்லை. விளிம்பின் இருண்ட பக்கத்தை மேலும் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை மேலும் வெளுப்பாக்கி, கூர்மை கூடியதாகக் கண்ணுக்குத் தோன்றச் செய்கிறது. கட்டடம், தெரு, மரம் போன்றவற்றுக்கு இது போதும். கல்வெட்டுக்கு இதுவே தொல்லையாகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானத்தில் (அடித்தளப் பகுதியில்) உள்ள கல்வெட்டு வரியொன்றை, வெயில் சுவரை ஒட்டிச் சாய்ந்து விழும் வேளையில் எடுத்த படமாக எண்ணிக்கொள்ளுங்கள். உளி வெட்டிய பள்ளத்தின் ஒரு கரை நிழலிலும் மறு கரை வெளிச்சத்திலும் இருக்கும். அந்த வேறுபாட்டைக் கொண்டுதான் எழுத்தின் ஆழத்தைக் கண் உணர்கிறது. கிம்ப்பின் அன்ஷார்ப் மாஸ்க்கை அதன் இயல்பு அளவான ரேடியஸ் (விளைவு பரவும் அகலம்) 3இலேயே விட்டு, அமவுண்ட்டை (விளைவின் வலிமை) மட்டும் ஏற்றினால், பள்ளத்தின் கரையை ஒட்டி ஹாலோ எனப்படும் வெளிர்கோடு ஒன்று படர்கிறது. தேய்ந்து ஆழம் குறைந்த கோடும் ஆழமாக வெட்டிய கோடும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தோடு தெரியத் தொடங்குகின்றன. கருங்கல்லில் இயல்பாகவே உள்ள கரிய துகள்களும் நுண்குழிகளும் துருத்திக்கொண்டு எழுகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. அப்படிப்பட்ட வரியில், ஓர் எழுத்தின் தலைக்கு மேல் கல்லின் கருந்துகள் ஒன்று கூர்மையூட்டலால் புள்ளிபோல் எழுந்து நின்றால், படத்தை மட்டும் பார்த்துப் படிப்பவர் தடுமாறத்தான் செய்வார். ரேடியஸைக் குறைத்து, திரெஷோல்டை (எவ்வளவு வேறுபாட்டுக்கு மேல் கூர்மை ஊட்ட வேண்டும் என்ற எல்லை) உயர்த்தி இதைக் கட்டுப்படுத்தலாம் என்பது உண்மை. ஆனால் மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு; கூடினால் இரைச்சல் எனப்படும் புள்ளிகள் மிகும்) 3200இல் எடுத்த படத்துக்கும் வெளிச்சுவரில் ஐஎஸ்ஓ 100இல் எடுத்த படத்துக்கும் அந்த அளவுகளை ஒவ்வொரு முறையும் கண்ணாலேயே தேட வேண்டியிருக்கிறது.

ஃபோட்டோஷாப்பின் ஸ்மார்ட் ஷார்ப்பன், ஹை பாஸ் ஆகியவற்றை நான் குறைவாகவே பயன்படுத்தியிருக்கிறேன். 2005இல் சிஎஸ்2 பதிப்போடு வந்த ஸ்மார்ட் ஷார்ப்பனில், லென்ஸ் மங்கல், அசைவு மங்கல் என்று மங்கலின் வகையைத் தேர்ந்தெடுக்க முடிவது பெரிய வசதி. விளிம்புகளை மட்டும் பிரித்தெடுக்கும் ஹை பாஸ் லேயரைப் படத்தின் மேல் ஓவர்லே என்ற கலவை முறையில் வைத்துச் சிற்பத்தின் கண், விரல் போன்ற இடங்களில் மட்டும் தூரிகையால் கூர்மை சேர்ப்பவர்கள் அருமையாகச் செய்கிறார்கள். அது கைத்திறன் சார்ந்த வேலை. ஒரே நாளில் எடுத்த நூற்றுக்கணக்கான கல்வெட்டுப் படங்களுக்குப் பொருந்தாது.

ராதெரபி செல்லும் வழி வேறு. மங்கல் எப்படி உண்டானது என்பதைக் கணித்து, அதைத் தலைகீழாக இயக்கி, ஒளி எங்கிருந்து பரவியதோ அங்கேயே அதைத் திருப்பிச் சேர்க்க முயல்கிறது. 1972இல் வில்லியம் ரிச்சர்ட்சனும் 1974இல் லியோன் லூசியும் தனித்தனியே வெளியிட்ட கணக்குமுறை இது. வானியலாளர்களுக்கு நெடுநாள் பழக்கமானது. 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் ஆடியில் குறை இருப்பது தெரிந்தபின், 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று அதைச் சரிசெய்யும்வரை, மங்கலாக வந்த படங்களைத் தெளிவாக்க இந்த முறையும் பயன்பட்டது. 2020இல் வெளியான ராதெரபி 5.8 பதிப்பில் ‘கேப்சர் ஷார்ப்பனிங்’ என்ற பெயரில் இதை ரா பகுதியிலேயே சேர்த்தார்கள். வண்ணமும் ஒளியும் திருத்தப்படுவதற்கு முன்னால், சென்சார் பதிந்த ஒளியளவுகளின் மேலேயே இந்தக் கணக்கு நடக்கிறது. லென்ஸ் மங்கல் நேர்ந்ததும் அந்த ஒளியில்தானே! ஆகவே இந்த வரிசை எனக்கு நியாயமாகப் படுகிறது.

நடைமுறையில் நான் மிகவும் மதிப்பது இதன் காண்ட்ராஸ்ட் திரெஷோல்டைத்தான். மென்பொருளே படத்தை ஆராய்ந்து, ‘இவ்வளவுக்கு மேல் வேறுபாடு உள்ள இடம் விவரம், அதற்குக் கீழ் உள்ளது இரைச்சல்’ என்று ஓர் எல்லையை வகுத்துக்கொள்கிறது. ரேடியஸையும் தானே கணிக்கிறது. மாஸ்க்கை மட்டும் திரையில் காட்டச் செய்தால் படம் கறுப்பு வெள்ளையாக மாறும். வெள்ளையாகத் தெரியும் இடங்கள் கூர்மை பெறும், கறுப்பாகத் தெரியும் இடங்கள் அப்படியே இருக்கும். நல்ல சாய்வொளியில் எடுத்த கல்வெட்டில் எழுத்தின் கோடுகள் வெள்ளையாகவும், அவற்றுக்கு இடைப்பட்ட கல்லின் சமதளம் பெரும்பாலும் கறுப்பாகவும் தெரிவதைப் பார்க்கும்போது, இந்தக் கருவி எதைத் தொடுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பது ஐயமின்றி விளங்குகிறது. படத்தின் மூலைகளில் லென்ஸ் சற்றுத் தளர்ந்திருந்தால், அங்கு மட்டும் ரேடியஸைக் கூட்டவும் தனி ஸ்லைடர் இருக்கிறது. நீண்ட கல்வெட்டு வரியைப் பகுதி பகுதியாக எடுத்துச் சேர்ப்பவர்களுக்கு இது பேருதவி.

லைட்ரூமைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அமவுண்ட், ரேடியஸ், டீட்டெயில், மாஸ்கிங் என்ற அதன் நான்கு ஸ்லைடர்களும் நன்கு சிந்தித்து அமைக்கப்பட்டவை. எடுக்கும்போது வந்த மங்கலுக்கு ஒரு கூர்மை, அழகுக்கு ஒரு கூர்மை, வெளியிடும் ஊடகத்துக்கு ஒரு கூர்மை என்று வேலையை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டிய புரூஸ் ஃப்ரேசரின் சிந்தனை அதில் நன்றாகப் பதிந்திருக்கிறது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்கிங்கை நகர்த்தினால், நான் மேலே சொன்ன அதே கறுப்பு வெள்ளைக் காட்சி கிடைக்கும். டீட்டெயிலை உயர்த்த உயர்த்த அதன் கணக்கும் மங்கலைத் தலைகீழாக்கும் முறையை நோக்கிச் சாய்கிறது. இரண்டிலும் கவனமாகத் திருத்திய படங்களை அருகருகே வைத்தால் என் கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தரத்தை மட்டும் பார்த்தால், லைட்ரூமில் பழகியவர் அதை விட்டு வெளியே வர வேண்டியதே இல்லை.

நான் வெளியே வந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: திருத்தத்தைப் பின்னொரு நாளில் மீண்டும் திறந்து மாற்றுவதற்கான வழி எவ்வளவு காலம் திறந்திருக்கும் என்ற கேள்வி. கூர்மையூட்டலில் இது மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது என்பேன். ஏனெனில் ஒரு படத்துக்குச் சரியான கூர்மை என்று நிலையான அளவு எதுவும் கிடையாது. அது படம் போய்ச்சேரும் இடத்தைப் பொறுத்தது. 6000 பிக்சல் அகலமுள்ள படத்தை இணையத்துக்காக 2000 பிக்சலாகச் சுருக்கினால், மூலத்தில் ஒரு பிக்சல் ரேடியஸில் ஊட்டிய கூர்மை மூன்றில் ஒரு பிக்சலாகிக் காணாமல் போகும். சுருக்கியபின் மறுபடி சிறிது ஊட்ட வேண்டும். அதே படத்தை 12க்கு 18 அங்குலத்தில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் அச்சிட்டால் 3600க்கு 5400 பிக்சல் வேண்டும், அதாவது ஏறக்குறைய மூல அளவே. மேட் தாளில் மை சற்றுப் பரவுவதால், திரையில் கொஞ்சம் மிகையாகத் தோன்றும் கூர்மைதான் அச்சில் சரியாக வரும். வாட்ஸாப்பில் அனுப்பும் பிரதியில் மிகையான கூர்மை இருந்தால், அது மறுபடி அமுக்கப்படும்போது எழுத்தைச் சுற்றிப் பிசிறு தட்டும். கல்வெட்டு ஆர்வலர் ஒருவர் ‘இந்த எழுத்து லகரமா, வகரமா?’ என்று கேட்கும்போதோ, கூர்மையே ஊட்டாத பிரதியைக் காட்ட வேண்டியிருக்கும்.

ராதெரபி மூலக் கோப்பைத் தொடுவதே இல்லை. செய்த திருத்தங்களை எல்லாம் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய உரைக்கோப்பில் எழுதிவைக்கிறது. நோட்பேடில் திறந்தால் எந்தக் கருவி இயங்கியது, ரேடியஸ் எவ்வளவு, திரெஷோல்டு எவ்வளவு என்று வரிவரியாகப் படிக்கலாம். அதைப் பிரதியெடுத்து, அதே லென்ஸில் எடுத்த மற்றப் படங்களுக்கும் பொருத்தலாம். அளவு சுருக்கியபின் ஊட்டும் கூர்மைக்கும் தனிப் பகுதி இருப்பதால், இணையத்துக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என இரண்டு சுயவிவரங்கள் (சேமித்த அளவுத் தொகுப்புகள்) வைத்துக்கொண்டாலே போதும். இதற்கு மாறாக, திருத்தி முடித்த படத்தை 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமிக்கும் வழியைப் பாருங்கள். 2.4 கோடி பிக்சல், பிக்சலுக்கு 6 பைட் என்று கணக்கிட்டால், அமுக்காத ஒரு படம் 144 மெகாபைட். அதில் ஊட்டிய கூர்மையையும் இனி பிரித்தெடுக்க முடியாது. ஃபோட்டோஷாப்பில் ஸ்மார்ட் ஃபில்டராகப் போட்டால் பிறகு மாற்றலாம், ஆனால் கோப்பின் எடை இன்னும் கூடும்.

லைட்ரூமும் மூலத்தைத் தொடாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் சிக்கல் சந்தாவில் இருக்கிறது. 2015இல் வந்த லைட்ரூம் 6தான் ஒரே தவணையில் வாங்கிக்கொள்ளக் கூடிய கடைசிப் பதிப்பு. இன்றைய லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா நின்றால் படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். திருத்தங்கள் செய்யும் டெவலப் பகுதி மூடிக்கொள்ளும். அதாவது ஊட்டிய கூர்மையை அந்த ஸ்லைடர்களில் குறைக்க வேண்டுமென்றால் மறுபடி சந்தா கட்டியாக வேண்டும். தொழில்முறைக் கலைஞர்களுக்கு இது ஒரு பொருட்டன்று. வருமானத்தில் ஒரு சிறு பகுதி அதற்குப் போய்விடும். பத்து ஆண்டுகள் கழித்தும் அதே சுவரின் படத்தை எடுத்துப் பார்க்க வேண்டிய என்னைப் போன்றவர்களுக்கு இது தீர்மானகரமான விஷயம்.

ஏஐ கருவிகளின் ஆற்றலை மறுக்க முடியாது. டோபாஸ் போன்றவற்றில் கை நடுங்கி எடுத்த படமும் பறக்கும் பறவையும் தெளிவடைவதைப் பார்த்தால் வியப்புத்தான் வருகிறது. அத்தகைய படங்களுக்கு நான் தயங்காமல் அவற்றையே பரிந்துரைப்பேன். கல்வெட்டுக்கு மட்டும் வேண்டாம் என்கிறேன். அவை ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகியதைக் கொண்டு, ‘இந்த இடத்தில் இப்படி ஒரு விளிம்பு இருக்கக்கூடும்’ என்று ஊகித்து வரைகின்றன. இறகின் நுனியில் ஓர் இழை கூடினால் யாருக்கும் நட்டமில்லை. பழைய கல்வெட்டுகளில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாடும் பெரும்பாலும் காட்டப்படாது. இப்படி ஏற்கெனவே சூழலை வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், சிதைந்த கோட்டை ஒரு மென்பொருள் தன் ஊகத்தால் நிறைவு செய்தால், அந்தப் படம் சான்றாகும் தகுதியை இழக்கிறது. ராதெரபியின் ரிச்சர்ட்சன் லூசி முறையிலும், கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுற்றுகளை அளவுக்கு மீறி ஏற்றினால் இல்லாத வளையங்கள் தோன்றும். ஆனால் அந்தப் பிழை எப்படி இருக்கும் என்பது கண்ணுக்குப் பழகிவிடுகிறது, ஸ்லைடரைக் குறைத்தால் மறைந்தும்விடுகிறது.

ராதெரபியின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் முறை திறப்பவரை அதன் எண்ணற்ற ஸ்லைடர்கள் மிரட்டிவிடும். லேயர் கிடையாது. 2022இல் வந்த 5.9 பதிப்பில் சேர்ந்த இடவாரித் திருத்தங்கள் ஆற்றல் மிக்கவை என்றாலும், அவற்றைக் கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களைக் குறிச்சொல் இட்டு ஒழுங்குபடுத்துவதில் லைட்ரூமுக்கு அது ஈடாகாது. திருமணப் படங்கள், முகப் படங்கள் ஆகியவற்றில் எனக்கு அனுபவம் குறைவு. தோலின் மென்மையைக் காக்க வேண்டிய அந்த வேலைக்கு நான் சொல்லும் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெயிலில் குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்த படங்களுக்குக் கேப்சர் ஷார்ப்பனிங்கின் தானியங்கி அளவுகளை அப்படியே விட்டுவிடுகிறேன். மண்டபத்தின் உள்ளே எடுத்தவற்றுக்கு மாஸ்க்கைப் பார்த்தபடியே திரெஷோல்டைச் சிறிது உயர்த்துகிறேன். எப்போதும் 100 சதவீத அளவில்தான் சரிபார்க்க வேண்டும். கேப்சர் ஷார்ப்பனிங் ரா கோப்புகளுக்கு மட்டுமே இயங்கும் என்பதால், செல்பேசியில் ஜேபெக்காக எடுத்தவர்களுக்கு இது உதவாது. அவர்கள் கிம்ப்பில் படத்தை ஒரு லேயராகப் பிரதியெடுத்து, அதன் மேல் அன்ஷார்ப் மாஸ்க்கை ஒரு பிக்சலுக்கு மிகாத ரேடியஸில் போட்டு, லேயரின் முறையை லூமினன்ஸுக்கு (ஒளியளவை மட்டும் மாற்றும் முறை) மாற்றிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் விளிம்புகளில் நிறப் பிசிறு வராது. செல்பேசி தானாகவே ஏற்கெனவே கூர்மை ஊட்டியிருக்கும் என்பதால், அமவுண்ட்டை 0.5க்கும் கீழே வைப்பது நல்லது.