தலைப்பில் "வைரஸ் ஸ்கேன்டு" என்று போட்டு வந்த மெயில்: 1,84,000 ரூபாய் போச்சு, கடைப் பெயரில் மெயில் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டத்தில் தேன் வாங்கி, வடிகட்டி, பாட்டிலில் அடைத்து விற்கிற சின்ன வியாபாரம் எங்களுடையது. ரப்பர் தளிர்விடும் மாதங்களில்தான் எங்கள் பக்கம் தேன் இறங்கும். அதற்கு முன்னாலேயே கண்ணாடி பாட்டில் வந்து இறங்கியிருக்க வேண்டும். வரி, மூடி எல்லாம் சேர்த்து ஒன்று 11.50 வீதம் 16,000 பாட்டில். 1,84,000 ரூபாய். அந்தப் பணம்தான் போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்லிவிட்டு, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

கம்பெனி பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கடைப் பெயரிலேயே மெயில் முகவரி கொடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று வருடச் சந்தா வாங்குகிற கம்பெனி. அவ்வளவு போதும்.

சந்தா கட்டும்போது அவர்களுடைய ஆள் கடைக்கே வந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தோம். லேப்டாப்பைத் திறந்து வைத்து ஒவ்வொரு மெயிலாகக் காட்டினார். எல்லாத் தலைப்பிலும் முன்னால் "வைரஸ் ஸ்கேன்டு - சேஃப்" என்று ஒட்டிக்கொண்டிருந்தது. "சார், இதுதான் எங்க ஸ்பெஷல். இந்த வார்த்தை இருந்தா நீங்க கண்ணை மூடிக்கிட்டுத் திறக்கலாம். கணக்குப் பாக்குற பிள்ளைக்கும் சொல்லிடுங்க, இது இல்லாத மெயிலைத் தொடவே வேண்டாம்னு." அப்படியே சொன்னார். கணக்குப் பார்க்கிற பிள்ளை பக்கத்தில்தான் நின்றது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியும் வைத்தது. இரண்டு வருடமாக அந்தச் சீட்டு அங்கேதான் இருந்தது. சந்தாவை ஒரு நாள்கூடப் பிந்திக் கட்டியதில்லை.

ஒரு தொந்தரவு மட்டும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. கடை மெயிலை என் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு போட்டு வைத்திருந்தேன். உண்மையான பார்ட்டிகளின் மெயிலே பல நேரம் ஸ்பாமில் போய் விழும், சிலது வராமலே போகும். கேட்டதற்கு, "ஃபார்வர்டை எடுத்துடுங்க சார், எங்க ஆப்லயே பாருங்க" என்றார்கள். சரி என்று மாறினோம். அந்த ஆப்பில் ஃபோன் திரையில் தலைப்பின் முதல் மூணு வார்த்தைதான் தெரியும். அந்த மூணும் இவர்கள் ஒட்டியது. அனுப்பியவரின் பெயர் மட்டும் வரும், மெயில் முகவரி வராது.

இப்படி இருக்கும்போதுதான் ஃபிரோசாபாத் பாட்டில் கம்பெனியிடமிருந்து அந்த மெயில் வந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அதே பேச்சின் தொடர்ச்சி, கீழே எங்கள் பழைய மெயில்கள் அப்படியே, பாட்டில் எண்ணிக்கை, விலை எல்லாம் சரி. "பழைய கணக்கில் ஆடிட் நடக்கிறது, பணத்தை இந்தக் கணக்கில் போடுங்கள், போட்டதும் லாரி ஏற்றுகிறோம்." தலைப்பில் முதலில் என்ன இருந்தது? "வைரஸ் ஸ்கேன்டு - சேஃப்". பிள்ளை என்னிடம் கேட்டது, "அண்ணா, கணக்கு நம்பர் மாத்திட்டாவ, போடட்டுமா?" நானும் எட்டிப் பார்த்தேன். சேஃப் என்று இருந்தது. பேங்கில் படிவம் எழுதிக் கொடுத்து நெஃப்டில் போட்டோம். 1,84,000.

பாட்டில் வரவில்லை. அவர்களே ஃபோன் செய்து "பணம் எப்போது வரும்?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்தேன், சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிந்தேன். அந்தக் கணக்கை முடக்கினார்கள். அதற்குள் பணம் வேறு வேறு கணக்குகளுக்குப் போய்விட்டிருந்தது.

அப்புறம் மெயில் கம்பெனிக்காரர்கள். முதலில் சாட்டில் ஒரு பிள்ளை, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்". பிறகு டிக்கெட் நம்பர். பிறகு அந்த டிக்கெட்டை முடித்துவிட்டோம் என்று ஒரு மெயில், அதன் தலைப்பிலும் அதே சேஃப்! ஃபோனில் பிடித்தால் இந்தப் பதில்: "சார், அந்த மெயில்ல வைரஸ் எதுவும் இல்லையே. அட்டாச்மென்டே இல்ல. அப்ப எங்க ஸ்கேன் சரியாத்தானே வேலை செஞ்சிருக்கு?" அதற்கு மேல் உள்ளவர் வந்தார். சேஃப் என்றால் அனுப்பியவர் யோக்கியர் என்று அர்த்தமில்லையாம், நிபந்தனைகளில் இருக்கிறதாம். தேனில் எறும்பு கிடக்கவில்லை என்று பார்த்துவிட்டு, சர்க்கரைப் பாகு கலக்காதது என்று லேபிள் ஒட்டுகிற வேலை இது. நான் அப்படி ஒட்டினால் என்னைச் சும்மா விடுவார்களா? கடைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போன ஆள் வேலையை விட்டுவிட்டாராம். சரி, அந்த வார்த்தையையாவது எங்கள் மெயிலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். "அதுக்கு நீங்க அடுத்த பிளான் எடுக்கணும் சார்." 1,84,000 போனவனிடம் இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

என் சித்தப்பா மகன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தான். பாட்டில் கம்பெனியின் மெயிலுக்குள் யாரோ முன்பே புகுந்து படித்திருக்கிறார்கள், அதனால்தான் விலை வரைக்கும் தெரிந்திருக்கிறது. மோசடி மெயில் வந்த முகவரியில் கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்து கூடுதல். ஆப்பில் முகவரியே தெரியாதபோது அந்த எழுத்தை யார் பார்ப்பது?

ஃபார்வர்டு போட்ட மெயில் ஸ்பாமில் விழுந்ததற்கும் காரணம் சொன்னான். மெயில் அனுப்புகிற சர்வர் டிகிம் என்று ஒரு டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு அனுப்புமாம், அந்தக் கையெழுத்துக்குள் தலைப்பும் பொதுவாக அடக்கம். நடுவில் தலைப்பில் ஒரு வார்த்தை சேர்த்தாலே கையெழுத்து பொருந்தாமல் போய்விடும். ஃபார்வர்டு ஆகும்போது எஸ்பிஎஃப் என்று, அனுப்புகிற சர்வருக்கு அந்தப் பெயரில் அனுப்ப அனுமதி உண்டா என்று பார்க்கிற இன்னொரு சோதனையும் பொதுவாகத் தேறாது. இரண்டும் போனால் ஜிமெயிலுக்கு நல்ல மெயிலும் சந்தேக மெயில்தான். ஆக இவர்கள் வார்த்தை ஒட்டியதால் மெயில் ஸ்பாமுக்குப் போனது, ஸ்பாமுக்குப் போனதால் எங்களை அவர்கள் ஆப்புக்கு இழுத்தார்கள், ஆப்பில் அவர்கள் வார்த்தையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. எல்லாம் ஒரே சங்கிலி.

பையன் இன்னொன்றும் செய்து காட்டினான். ஐகார் என்று 68 எழுத்தில் ஒரு சோதனைக் கோப்பு உண்டாம். அது கெடுதல் ஒன்றும் செய்யாது, ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகவே உள்ளது. அதை பாஸ்வேர்டு போட்ட ஜிப்பில் பூட்டி, பாஸ்வேர்டை மெயிலிலேயே எழுதி எங்கள் முகவரிக்கு அனுப்பினான். பூட்டிய ஜிப்புக்குள் ஸ்கேனரால் பொதுவாகப் பார்க்க முடியாது. பார்க்க முடியவில்லை என்றுதானே சொல்ல வேண்டும்? மெயில் வந்து நின்றது: "வைரஸ் ஸ்கேன்டு - சேஃப்". "எண்ணே, இது வெறும் எழுத்து, யாரு வேணும்னாலும் தலைப்புல அடிச்சு அனுப்பலாம்" என்றான். இதைக் காட்டி மறுபடி கேட்டேன். தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். போனது போனதுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. கணக்கு நம்பர் மாறியது என்று மெயில் வந்தால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஃபோன் நம்பரில் கூப்பிட்டுக் கேளுங்கள், மெயிலில் உள்ள நம்பரில் அல்ல. ஆப்பில் அனுப்பியவர் பெயரைத் தொட்டு முழு முகவரியைப் பாருங்கள், தொட்டாலும் காட்டாத ஆப்பைத் தூக்கிப் போடுங்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் போடும்போது அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொடுக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது, கிளைக்கு நேரில் போகிறவர்களுக்கும் உண்டு. எங்களுக்கு யாரும் காட்டவில்லை, நீங்கள் கேட்டு வாங்குங்கள். பணம் போனால் அடுத்த நிமிடமே 1930. தலைப்பில் சேஃப் என்று ஒட்டுகிற கம்பெனியாக இருந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள், காசு கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

பழைய மெயில்களை இழக்காமல் வேறு இடத்துக்கு மாற்றத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தேன் டின்களில் அப்படியே இருக்கிறது, பாட்டிலுக்கு இன்னொரு 1,84,000 புரட்ட வேண்டும். அதற்குத்தான் இப்போது கிளம்புகிறேன்.