ராக் இசைக்குழுவை (பேண்டை) விட்டு வந்ததும் முதல் பாட்டு: கேப்ரியலா, ஆஸியா?

சிங்கப்பூர் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கிட்டார் கடைகள் பக்கம் போனாலே யாராவது ஒரு பையன் 'கிரேஸி டிரெயின்' பாட்டின் ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டை) அலறவிட்டுக்கொண்டிருப்பான். 1979இல் பிளாக் சப்பாத் பேண்ட் கழற்றிவிட்ட பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், 1980இல் போட்ட முதல் தனி சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) அது. பீட்டர் கேப்ரியல் கதை வேறு. 1975இல் ஜெனிசிஸ் பேண்டை அவராகவே விட்டு வந்தார், 1977இல் முதல் தனி சிங்கிளாக 'ஸால்ஸ்பரி ஹில்' போட்டார்.

எனக்குப் பிடித்தது கேப்ரியல்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டு பெரும்பாலும் ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு 'தகிட தகதிமி' என்று விரலால் தட்டிப் பாருங்கள், நம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு மாதிரி உட்காரும், ஆனால் சும்மா கேட்கும்போது அந்தக் கணக்கே உறைக்காது, அக்கூஸ்டிக் கிட்டார் அவ்வளவு லேசாக இழுத்துக்கொண்டு போகும். வரிகளும் பேண்டை விட்டு வந்ததைப் பற்றித்தான்.

ஆஸி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, பனிப்போர் காலத்துப் பயத்தைப் பாடினார். பாட்டின் பாதி உயிர் ராண்டி ரோட்ஸின் கிட்டாரில் இருக்கிறது, அதனால் தனிப்பாட்டு என்பதைவிடப் புது பேண்டின் பாட்டு என்றே எனக்குப் படுகிறது. பிரிட்டன் சிங்கிள் விற்பனைப் பட்டியலில் கேப்ரியலுக்கு 13ஆம் இடம், ஆஸிக்கு 49. ஆனால் விளையாட்டு அரங்கில் கூட்டத்தை எழுப்ப எதைப் போடுவார்கள்? சரி, அங்கே ஆஸிதான்.

நண்பர்களோடு ஜாமிங்கில் சேர்ந்து வாசிக்கப் போகிறீர்களா? டிரம்மர் நாலைத் தாண்டி எண்ணமாட்டார் என்றால் கேப்ரியல் பக்கமே போகாதீர்கள்.