புயல் காலத்துக்கு ஒரு விறகடுப்பு: சில மழைக்காலங்கள் பயன்படுத்திய பிறகு

கடலூர்க்காரர்களுக்கு மாற்று அடுப்பு எதற்கென்று சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்து, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதற்குப் பின்னாலேயே சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. கரண்ட் இல்லாமல் இண்டக்‌ஷன் எரியாது. ரோட்டில் தண்ணீர் நின்றால் சிலிண்டர் வண்டி வராது.

மண் அடுப்பு சமையலுக்கு அருமையானது. ஆனால் வெள்ளம் புகும் வீட்டில் கரைந்துவிடும், தூக்கிக்கொண்டு மாடிக்கும் போக முடியாது. கரி போடும் குமுட்டி அடுப்பை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மழைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பற்றவைத்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளையே கொன்றுவிடும். மின்விசிறி வைத்த அடுப்பு நன்றாக எரிகிறது, ஆனால் சார்ஜ் வேண்டும்.

அதனால்தான் இரும்பு ராக்கெட் அடுப்பு வாங்கினோம். பக்கவாட்டில் விறகு நுழையும். அதன் நுனி மட்டும் எரியும். சுற்றிலும் வெப்பம் வெளியேறாத உறை இருப்பதால் உள்ளே சூடு ஏறி, புகையிலும் பெரும்பகுதி எரிந்துபோகிறது. கைப்பிடி சவுக்குச் சுள்ளியில் எங்கள் ஐந்து பேருக்கும் சோறு வெந்துவிடும். பன்னாடையும் காய்ந்த தென்னம்பாளையும் இருந்தால் ஊதாங்குழலே வேண்டாம். ஒரு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டே இருக்கணும், அது உண்மை. பாத்திரத்தின் அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால் கரி தேய்க்கும் வேலை குறையும். வெள்ளத்துக்குப் பின் சோற்றைவிட இது அதிகம் உதவியது குடிதண்ணீருக்குத்தான்: தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும். எரியும்போது மாடிப்படிக்குக் கீழே, மூன்று பக்கமும் காற்று வரும் இடத்தில்தான் வைக்கிறோம்.

அடுப்பைவிட விறகைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படணும். புயலில் விழுந்த மரத்தை அன்றே வெட்டி எரிக்க முடியாது. பச்சை மரத்தின் எடையில் பாதிக்குப் பக்கம் தண்ணீர்தான், வெறும் புகைதான் வரும். நம் பக்கம் சவுக்குக்குப் பஞ்சமில்லை. சித்திரை வெயிலில் விறகுத்தொட்டியில் வாங்கி, கட்டைவிரல் பருமனுக்குப் பிளந்து காயவைத்து, பரணில் ஏற்றிவிடுகிறேன். மூடிய டின்னில் கொட்டாங்குச்சியும் தீப்பெட்டியும்.

ஒரே குறை துரு. கடல்காற்றில் விறகு தாங்கும் தட்டு அரித்துப் போய், வெல்டிங் பட்டறையில் புதிதாகப் போட வேண்டியிருந்தது. வாங்கும்போதே தட்டு தனியாகக் கழன்று வருகிறதா, அதற்குக் கீழே காற்றுப் போக இடம் விட்டிருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.