இணையப் பாதுகாப்புப் பாடம்: கருத்தரங்கா, ஃபில்டரா, விளையாட்டா, வார வகுப்பா?

மாணவர்களுக்கு இணையத்தில் பொறுப்பாகவும் பாதுகாப்பாகவும் நடக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு பள்ளி முடிவெடுத்தால், பெரும்பாலும் நான்கு வழிகள்தான் பேச்சுக்கு வரும். ஒரு நாள் நிபுணரை அழைத்துப் பேசவைப்பது, பள்ளியின் இணைய இணைப்பில் தகாத தளங்களை மறிக்கும் ஃபில்டர் போடுவது, இலவசமாகக் கிடைக்கும் கணினி விளையாட்டுகளை ஆடவைப்பது, வாரம் 20 நிமிடம் ஒதுக்கி ஆசிரியரே வகுப்பெடுப்பது.

நான்கையும் ஒரே கேள்வியை வைத்து அளக்கலாம். வம்பு ஒன்று வந்த முதல் பத்து நிமிடத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்யும், யாரிடம் சொல்லும்? விதிகளை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் கை நடுங்கத்தான் செய்யும். முன்பே செய்து பழகியது மட்டுமே அப்போது கைகொடுக்கும்.

ஒருநாள் கருத்தரங்கு

செலவு குறைவு. ஒரே மணி நேரத்தில் பள்ளி முழுவதும் கேட்டுவிடும், பெற்றோரையும் உட்காரவைக்கலாம். இதன் பலம் இவ்வளவுதான்.

அரங்கம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு பேசுகிறவர் எதையும் செய்து பார்க்க வைக்க முடியாது. அதனால் பேச்சு தானாகவே பயமுறுத்தும் கதைகளின் பக்கம் போகும். பயந்த பிள்ளை ஜாக்கிரதையாகிவிடும் என்பது நம் எண்ணம். ஆனால் ஏற்கெனவே ஒரு படத்தை அனுப்பிவிட்டு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் காதில் விழுவது "நீ தொலைந்தாய்" என்பது மட்டும்தான். அதற்குப் பிறகு அது வாயே திறக்காது.

"தெரியாதவரிடம் பேசாதே" என்பது இந்த மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் அறிவுரை. சிறு பிள்ளைகளுக்குச் சரி. ஆனால் வாட்ஸ்அப் கணக்கைப் பறிக்கும் மோசடியைப் பாருங்கள். "உன் நம்பருக்குத் தவறுதலா ஒரு 6 இலக்க ஓடிபி கோடு வந்திருக்கும், அதைக் கொஞ்சம் அனுப்பேன்" என்ற செய்தி நெருங்கிய தோழியின் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் தோழியின் கணக்கு முந்தின நாளே பறிபோயிருக்கும். தெரியாதவரை மட்டும் அஞ்சப் பழகியவர் இங்கே யோசிக்காமல் கொடுத்துவிடுவார். கொடுத்தது மாணவரின் சொந்தக் கணக்குக்கான பதிவுக் கோடு, அதோடு அந்தக் கணக்கும் பறிபோகும். "யார் கேட்டாலும் கோடு கொடுக்காதே, கேட்டவரை உடனே போனில் கூப்பிட்டுக் குரலைக் கேள்" என்பதுதான் சொல்ல வேண்டியது.

ஃபில்டரும் கண்காணிப்பும்

பத்து வயதுக்குக் கீழே இதற்கு ஈடில்லை. கைதவறி அசிங்கமான பக்கத்துக்குள் போவதை நன்றாகத் தடுக்கும். அதற்கு மேல் இதன் எல்லை எங்கே என்பது, இது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

பள்ளிகளில் சாதாரணமாக இருக்கும் ஃபில்டர் தளத்தின் பெயரை மட்டும் பார்க்கிறது. பட்டியலில் இருந்தால் மறிக்கிறது. அனுமதித்த ஆப்புக்குள் யார் யாரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பது குறியாக்கத்துக்குள், அதாவது இடையில் இருப்பவர் படிக்க முடியாத வடிவில், இருப்பதால் அதற்குத் தெரியாது. மாணவர் மொபைல் டேட்டாவை ஆன் செய்த நொடியில் பள்ளி ஃபில்டர் வழியிலேயே இல்லை. இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் இன்னொரு ஓட்டை. கேலி, மிரட்டல், படம் கேட்டு நச்சரிப்பது எல்லாமே ஆப்புகளுக்குள் நடப்பவை.

மறுபக்கம், தேவையானதும் மறிக்கப்படும். உடல் வளர்ச்சி, மாதவிடாய், மனநலம் பற்றிய நல்ல பக்கங்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும். ஃபில்டர் வைக்கும் பள்ளி, தடையை நீக்கக் கேட்கும் எளிய வழியையும் கூடவே வைக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு ஓரிரு நாளில் பதில் வர வேண்டும். கண்காணிப்பு மென்பொருள் போட்டால் எது பதிவாகிறது, யார் பார்ப்பார்கள் என்பதை மாணவர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒளிந்து பார்ப்பது தெரியவந்தால் பிள்ளைகள் வேறொரு போனுக்கு மாறிக்கொள்வார்கள். மிஞ்சியிருந்த நம்பிக்கையும் அத்தோடு போச்சு.

விளையாட்டுகள்

கூகுள் 2017-இல் வெளியிட்ட இன்டர்லேண்ட் இவற்றில் பலரும் அறிந்தது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு அறிமுகமாக நல்லதுதான். ஆனால் விளையாட்டில் கெட்டவன் கெட்டவன் உருவத்திலேயே வருவான். நிஜத்தில் அப்படி வருவதில்லை. பிழை செய்தால் மறுபடி ஆடலாம் என்பதால் ஊகித்தே முடித்துவிடுவார்கள். ஒரு பாடத்துக்கு முன்னோட்டமாக 15 நிமிடம் போதும்.

வாரம் 20 நிமிடம்

எங்கள் ஓட்டு இதற்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. வாராவாரம் நடத்துவதாலேயே பலன் வந்துவிடாது. அமெரிக்காவில் 1983-இல் தொடங்கிய டேர் என்ற போதைப்பொருள் விழிப்புணர்வுத் திட்டத்தில் போலீஸ்காரர்கள் வகுப்புக்கே வந்து வாரக்கணக்கில் பாடம் எடுத்தார்கள். மாணவர்கள் போதைப் பழக்கத்துக்குப் போவதை அது பெரிதாகக் குறைக்கவில்லை என்று அடுத்தடுத்து ஆய்வுகள் சொன்னதால் பாடத்திட்டத்தையே பின்னால் மாற்ற வேண்டியதாயிற்று. எனவே இந்த 20 நிமிடத்தில் ஆசிரியர் பேசுவது ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மீதி நேரம் மாணவர் செய்ய வேண்டும்.

செய்வது என்றால் எப்படி? முகவரி படிக்கும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். கரும்பலகையில் இப்படி எழுதுங்கள்:

ரிசல்ட்.தேர்வுத்துறை.காம்.செக்-நவ்.டாப்/லாகின்

இது யாருடைய தளம் என்று கேட்டால் பெரும்பாலானோர் "தேர்வுத்துறை" என்பார்கள், கண் இடமிருந்து படிக்கிறது அல்லவா. தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு (//) இருந்தால் அதை விட்டுவிட்டு, அதன்பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வைக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக இரண்டு துண்டு: "டாப்", "செக்-நவ்". இந்த இரண்டும் சேர்ந்த பெயரை வைத்திருப்பவர்தான் உரிமையாளர். அதற்கு இடப்புறம் இருப்பதெல்லாம் அவர் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டது. பிரிட்டன் தளங்களின் கோ.யூகே போல முடிவே இரண்டு துண்டாக இருக்கும் இடங்களில் மூன்று எண்ண வேண்டும். பத்து முகவரிகளைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்து உரிமையாளரை வட்டமிடச் சொன்னால் அன்றைய வகுப்பு முடிந்தது. பிரவுசரில் முகவரிக்கு முன்னால் பூட்டுக் குறி இருந்தால் நம்பலாம் என்ற பழைய பாடத்தையும் அன்றே அழித்துவிடுங்கள். இணைப்பு குறியாக்கம் ஆகிறது என்பதற்கு மேல் அந்தப் பூட்டு எதையும் சொல்வதில்லை, மோசடித் தளத்துக்கும் அது கிடைக்கும். இந்தக் குழப்பத்தினாலேயே குரோம் 2023-இல் அந்தக் குறியை மாற்றியது.

இரண்டாவது முக்கியப் பாடம், மிரட்டல் வந்தால் எதை முதலில் செய்வது. பிள்ளைகள் பதற்றத்தில் உரையாடலை அழிப்பார்கள், அல்லது முதல் வேலையாக பிளாக் செய்வார்கள். சில ஆப்புகளில் அதோடு ஆதாரமும் கண்ணுக்கு எட்டாமல் போய்விடும். சரியான வரிசை: பணமும் கூடாது, பதிலும் கூடாது. அனுப்பியவரின் பயனர்பெயரும் தேதியும் தெரியும்படி மிரட்டல் வரிகளை ஸ்கிரீன்ஷாட் எடு. புரொஃபைல் லிங்க்கைக் குறித்துவை. நம்பும் பெரியவரிடம் காட்டு. ஆப்பில் ரிப்போர்ட் செய். பிளாக் செய்வது கடைசியில். இதையெல்லாம் ஆறு துண்டுச் சீட்டில் எழுதிக் கலைத்துக் கொடுத்து, அடுக்கச் சொல்லி, ஏன் அந்த வரிசை என்று வாதாட விடுங்கள்.

18 வயதுக்குக் கீழானவரின் அந்தரங்கப் படம் வெளியாகும் என்ற மிரட்டலாக இருந்தால் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவையைச் சொல்லிக்கொடுங்கள். படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண் வடிவக் கைரேகை மட்டும் போகும், அதை வைத்து இதில் சேர்ந்துள்ள தளங்கள் படத்தைத் தேடி நீக்கும்.

செய்தியைச் சரிபார்க்கும் பாடத்திலும் பழைய வழக்கம் ஒன்று தடையாக நிற்கிறது. தளத்தின் தோற்றம், எழுத்துப்பிழை, "எங்களைப் பற்றி" பக்கம் என்று பட்டியல் போட்டுப் பார்ப்பது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றுப் பேராசிரியர்களும் மாணவர்களும் இப்படித்தான் ஒரே பக்கத்தில் தங்கி ஏமாந்தார்கள். தகவல் சரிபார்ப்பாளர்களோ பக்கத்தைப் படிப்பதற்கு முன்பே பிரவுசரில் புதிய டேப்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடி, சீக்கிரமே உண்மையைப் பிடித்தார்கள். இந்தப் பழக்கத்துக்கு ஒரு புதிய டேப்பும் மூன்று நிமிடமும் போதும்.

வார வகுப்பு எங்கே கெடுகிறது

தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது இந்த 20 நிமிடம். கால அட்டவணையில் அச்சாகாத வகுப்பு நடக்காது. ஆசிரியருக்கே காலாவதியான பாடம் தெரிந்திருப்பது அடுத்த சிக்கல்: மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்வார். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே அதை வேண்டாம் என்றது, காரணம் மாற்றச் சொன்னால் எல்லோரும் கடைசி எண்ணைத்தான் மாற்றுவார்கள். நீளமான பாஸ்வேர்டும், அதோடு இன்னொரு கோடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பும் போதும். கசிந்தது தெரிந்தால் மட்டும் மாற்றலாம். மூன்றாவது, வகுப்பிலேயே நடந்த ஒரு சம்பவத்தைப் பெயர் சொல்லாமல் உதாரணம் காட்டுவது. பெயர் சொல்லாவிட்டாலும் வகுப்புக்கே தெரியும். இதைச் செய்யவே கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய சறுக்கல், வகுப்பு முடிந்து ஒரு பிள்ளை மெதுவாக வந்து நிற்கும்போது நடப்பது. முதல் பாடத்துக்கு முன்பே ஆசிரியர்களுக்கு நான்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளையின் அந்தரங்கப் படத்தைத் திறக்கவோ, தன் போனுக்கு அனுப்பச் சொல்லவோ, நகலெடுக்கவோ கூடாது. அது ஆசிரியரையே சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். பள்ளியில் இதற்கென நியமித்த ஒருவரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும். வந்து சொன்ன பிள்ளையின் போனைத் தண்டனையாகப் பறிக்கக் கூடாது. ஒருவரிடம் பறித்தால் அடுத்த பத்துப் பேர் வர மாட்டார்கள்.

எந்த வயதுக்கு எது

பத்து வயதுக்குள்: ஃபில்டர் கட்டாயம், மாதம் இரண்டு சிறு பாடம், கொஞ்சம் விளையாட்டு. பத்து முதல் பதின்மூன்று வரை வார வகுப்புதான் முதுகெலும்பு. பல சமூக வலைத்தளங்களில் 13 வயதானால்தான் கணக்கு தொடங்கலாம் என்றாலும் அதற்கு முன்பே உள்ளே இருப்பவர்கள் உண்டு, எனவே அந்த வயதுவரை காத்திருக்க வேண்டாம். அதற்கு மேல் ஃபில்டரைத் தளர்த்தி, மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்கு முகவரிப் பாடம் நடத்தச் செய்யலாம். மிரட்டல் பாடத்தை மட்டும் அவர்களிடம் விடாதீர்கள்.

கருத்தரங்குக்கு ஏற்கெனவே தேதி குறித்தாகிவிட்டதா? ரத்து செய்ய வேண்டாம். மாணவர்களுக்குப் பதில் பெற்றோரை வரவழையுங்கள். பிள்ளை வந்து சொல்லும்போது முதல் வாக்கியமாக என்ன சொல்வது என்பதை மட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் ஜோடி ஜோடியாகப் பேசிப் பழகவிடுங்கள்.