டியூபா, டியூப்லெஸ்ஸா? நெடும்பயணம் கிளம்பும் முன் சக்கரம் பற்றி ஓர் அலசல்

டியூப்லெஸ் டயரில் பஞ்சரே ஆகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உள்ளே தனி டியூப் உள்ள டயரோ, அது இல்லாத டியூப்லெஸ்ஸோ, ஆணிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆணி ஏறிய பிறகு என்ன நடக்கிறது, அதை நடுரோட்டில் நீங்கள் ஒற்றை ஆளாகச் சரிசெய்ய முடியுமா என்பதில்தான் வித்தியாசம். பல நாள் பயணத்துக்கு மோட்டார் பைக்கைத் தயார் செய்பவர் இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் காற்றுப் புகாத ரப்பர் படலம் ஒன்று உண்டு. குத்திய ஆணியை அது இறுகப் பற்றிக்கொள்வதால் காற்று மெல்லத்தான் கசியும். வண்டி லேசாக அலைவதை உணர்ந்து ஓரம்கட்ட நேரம் கிடைக்கும். டியூபில் அப்படியில்லை. மெல்லிய ரப்பர் கிழிந்தால், காற்று ஸ்போக் துளைகள் வழியாகவும் வால்வு ஓட்டை வழியாகவும் மளமளவென்று வெளியேறிவிடும். முழு வேகத்தில் போகும்போது, அதுவும் முன்சக்கரத்தில் இது நடந்தால் ஆபத்து. பாதுகாப்பு என்று பார்த்தால் டியூப்லெஸ்தான், இதில் பேச்சே இல்லை.

பஞ்சர் ஒட்டுவதிலும் அதே கதைதான். டியூப்லெஸ் என்றால் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். ஆணியைப் பிடுங்கி, துளையை ரம்பக் கம்பியால் சுரண்டி, பிசுபிசுப்பான ரப்பர் திரியைச் செருகி, மிச்சத்தை வெட்டிவிட்டுக் காற்றடித்தால் முடிந்தது. கை பழகியவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இந்தத் திரி தரையைத் தொடும் பகுதிக்கு மட்டும்தான். டயரின் பக்கச்சுவர் கிழிந்திருந்தால் அதை நம்பி வேகமெடுக்கக் கூடாது. நல்ல இடத்தில் திரி போட்டிருந்தாலும் நிதானமாகவே போய், வாய்ப்புக் கிடைக்கும்போது உள்பக்கமிருந்து முறையாக ஒட்டிக்கொள்வது நல்லது.

டியூப் வண்டிக்கு வேலை அதிகம், முக்கியமாகப் பின்சக்கரத்தில். சென்டர் ஸ்டாண்ட் இல்லாவிட்டால் வண்டியைத் தூக்கி நிறுத்துவதே பெரும்பாடு; பலரும் பக்கவாட்டுப் பெட்டியையோ கல்லையோ முட்டுக் கொடுத்துச் சமாளிக்கிறார்கள். ஆக்சிலை உருவி, செயினை இறக்கி, டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து மிதித்துப் பிரித்து, லீவர் போட்டு நெம்பி, டியூபை வெளியே எடுக்க வேண்டும். ஒட்டி மாட்டும்போது லீவரின் முனை டியூபைக் கடித்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான். டியூபில் கொஞ்சம் காற்று ஏற்றி உருண்டையாக்கிவிட்டு உள்ளே வைத்தால் அது மடங்காது, கடிபடவும் மாட்டாது. எல்லாம் முடிந்த பிறகு செயின் தொய்வையும் பிரேக்கையும் சரிபார்க்காமல் கிளம்பக் கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் டியூபைக் கழித்துக்கட்டவில்லை. காரணம் ரிம். டியூப்லெஸ் பெரும்பாலும் அலாய் சக்கரத்தோடுதான் வரும். வேகத்தில் பள்ளத்திலோ பாறையிலோ மோதினால் அலாய் ரிம்மின் விளிம்பு நெளியலாம், விரிசலும் விடலாம். விளிம்பு நெளிந்தால் டயர் ரிம்மோடு ஒட்டாது, காற்றும் நிற்காது. உள்ளே ஒரு டியூபைப் போட்டுத்தான் ஊர் சேர வேண்டும். ஸ்போக் சக்கரம் வளைந்துகொடுத்து அடியைத் தாங்கும். ஸ்போக்கை முறுக்கி ஓரளவு நேராக்கவும் முடியும். கரடுமுரடான மண்பாதையில் பல நாள் ஓட்டுபவர்கள் இன்னும் ஸ்போக்கை விடாததற்கு இதுதான் காரணம்.

ஸ்போக்குகளை ரிம்மின் நடுவில் கோக்காமல் விளிம்போரம் கோத்து, டியூப்லெஸ்ஸாகவே ஓட்டும் சக்கரங்களும் உண்டு. இரண்டின் நன்மையும் சேர்ந்தது. விலை அதிகம், எல்லா வண்டிக்கும் கிடைக்காது. உங்கள் வண்டியில் வந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றடிக்கும் கருவியிலும் இதே போட்டி உண்டு. கார்பன் டை ஆக்சைடு குப்பி சின்னது, வேகமானது. ஆனால் பின் டயரை ஓட்டும் அளவுக்கு நிரப்ப 16 கிராம் குப்பிகள் இரண்டு மூன்றாவது வேண்டும். ஒட்டு சரியில்லாமல் காற்று இறங்கினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பேட்டரியில் இணைக்கும் 12 வோல்ட் கம்ப்ரசர்தான் என் தேர்வு. கையால் அடிக்கும் பம்ப் உயிரை வாங்கும். ஆனால் பழுதாக அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு விஷயம்: டியூப்லெஸ் டயர் ரிம்மை விட்டு முழுதாகப் பிரிந்துவிட்டால் கைப்பம்பு வேலைக்கு ஆகாது. டயரைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கி, கம்ப்ரசரால் அடித்துப் பார்க்கலாம்.

ஆக, தார்ச்சாலைப் பயணம் என்றால் டியூப்லெஸ், திரி கிட், கம்ப்ரசர். பாதி வழி கல்லும் மண்ணும் என்றால் ஸ்போக்கும் டியூபும், கூடவே லீவர் மூன்று, ஒட்டு, மாற்று டியூப். இரண்டு டியூப் வைக்க இடமில்லையா? முன்சக்கர அளவிலான மாற்று டியூபை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 21 அங்குல டியூபை 18 அங்குலப் பின்சக்கரத்தில் திணித்து, அடுத்த கடை வரை மெதுவாகப் போய்விடலாம்.

டயர் எதுவானாலும் பக்கச்சுவரில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. டயரின் வரிப்பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும், ரப்பர் வெடித்துக் காய்ந்த டயரோடு கிளம்ப வேண்டாம். டியூப் வண்டிக்காரர்கள் பின்சக்கரத்தை வீட்டு வாசலிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்ப்பது நல்லது. வண்டியோடு தந்த ஸ்பேனர் ஆக்சில் நட்டுக்குப் பொருந்துகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.